வானொலியில் ஒலித்த ஒரு பெயர்: டஷீல் ஹாமெட்

இரண்டாம் உலகப் போர் ஓய்ந்த மறு ஆண்டில் அமெரிக்க வானொலியில் மூன்று துப்பறியும் தொடர்நாடகங்கள் ஒரே எழுத்தாளரின் பெயரைத் தாங்கி ஒலித்தன. ஒன்றில் செல்வமும் கேலியும் நிறைந்த கணவனும் மனைவியும் விருந்துக்கும் கொலைக்குமிடையே உலவினர். மற்றொன்றில் பருத்த உடலும் கனத்த குரலும் கொண்ட ஒருவர் துப்புத் துலக்கினார். மூன்றாவதில் சான் பிரான்சிஸ்கோ நகரத்துச் சாம் ஸ்பேட், தன் அலுவலகப் பெண்ணிடம் வழக்கின் கதையைச் சொல்லி எழுதச் செய்தான். மூன்றுக்கும் மூலவர் டஷீல் ஹாமெட். ஆனால் வாரந்தோறும் அமர்ந்து அந்நாடகங்களை எழுதியோர் வேறு சிலர். ஹாமெட்டின் கடைசிப் புதினம் 1934ஆம் ஆண்டிலேயே வெளிவந்துவிட்டது. அதன்பின் அவர் புதினம் எதனையும் எழுதி முடித்தாரில்லை. பெயர் வீடுதோறும் ஒலிக்க, பெயருக்குரியவர் எழுதாதிருந்தார். 1951ஆம் ஆண்டில் அவர் பேச மறுத்துச் சிறை புகுந்தார். அதே ஆண்டில் அப்பெயர் வானொலியிலிருந்தும் மறைந்தது. துப்பறியும் நாடகம் செவிக்கு ஏன் அத்துணை இனித்தது என்பதை அறிய விழைவோர் இம்மனிதரின் வாழ்க்கையைக் கடந்து செல்லுதல் இயலாது.

1894 மே 27ஆம் நாள் மேரிலாந்து மாநிலத்தில் பிறந்த சாமுவேல் டஷீல் ஹாமெட், பிலடெல்பியா, பால்டிமோர் ஆகிய நகரங்களில் வளர்ந்தார். டஷீல் என்பது தாய்வழிக் குடும்பப் பெயர், பிரெஞ்சு மூலமுடையது. எழுத்தாளரானபின் முதற்பெயரை விலக்கி டஷீல் ஹாமெட் என்றே கையெழுத்திட்டார். தாம் விலக்கிய பெயரைத் தம் புகழ்பெற்ற கதைமாந்தனுக்குச் சாம் எனச் சூட்டியது தற்செயல் என்று கொள்ளத் தோன்றவில்லை. குடும்பத்தின் வறுமையால் பதினான்கு வயதளவில் பள்ளியை விட்டார். கிடைத்த வேலைகளையெல்லாம் பார்த்தார், எதிலும் நிலைக்கவில்லை.

1915இல் பின்கர்டன் துப்பறியும் நிறுவனத்தின் பால்டிமோர்க் கிளையில் சேர்ந்தார். விழித்த கண் ஒன்றைச் சின்னமாகக் கொண்ட நிறுவனம் அது. அங்கே அவர் கற்ற கல்வி இருவகையானது. ஒருவர் அறியாமல் அவரைப் பின்தொடர்தல் ஒன்று. அறிக்கை எழுதுதல் மற்றொன்று. யார் வந்தார், எப்போது சென்றார், எவ்வாறு நின்றார், என்ன சொன்னார் என்பனவே அறிக்கைக்கு வேண்டியவை. பின்தொடரப்பட்டவரின் உள்ளத்தில் ஓடியதைத் துப்பறிவாளர் எழுதுவதில்லை. அதை அவர் காண இயலாது. இப்பயிற்சியே பின்னர் இலக்கிய நடையாக மாறியது. அந்நிறுவனம் தொழிலாளர் வேலைநிறுத்தங்களை முறியடிக்க ஆள் அனுப்பிய வரலாறும் உடையது. பிற்காலத்தில் தொழிலாளர் பக்கம் நின்ற ஹாமெட் இளமையில் அந்த ஊதியத்தைப் பெற்றவர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அவருடைய முதல் புதினமான 'ரெட் ஹார்வெஸ்ட்', வேலைநிறுத்தத்தை ஒடுக்க அடியாட்களை வரவழைத்த சுரங்க முதலாளியின் ஊர், பின்னர் அந்த அடியாட்களின் கையிலேயே சிக்கிச் சீரழிவதைக் கூறுகிறது.

முதல் உலகப் போரின்போது 1918இல் படையில் சேர்ந்தார். நாட்டை விட்டுப் போகுமுன்பே அவ்வாண்டு பரவிய நச்சுக் காய்ச்சல் பற்றியது; அதைத் தொடர்ந்து காசநோய் வந்தது. மருத்துவமனையில் தம்மைப் பேணிய செவிலியர் ஜோசபின் டோலனை 1921இல் சான் பிரான்சிஸ்கோவில் மணந்தார். இரு பெண் மக்கள் பிறந்தனர். நோய் தொற்றுமென அஞ்சி மனைவியும் மக்களும் சில காலம் பிரிந்து வாழ நேர்ந்தது. துப்பறியும் வேலையைத் தொடர உடல் இடந்தரவில்லை. படுத்தும் எழுந்தும் செய்யக்கூடிய தொழிலாக எழுத்து வந்தது; பசியால் வந்தது என்றாலும் தவறில்லை. மட்டமான தாளில் அச்சாகி மலிவு விலைக்கு விற்ற 'பிளாக் மாஸ்க்' என்னும் இதழில் 1923 முதல், பெயரே சொல்லப்படாத ஒரு துப்பறிவாளரின் கதைகளை எழுதலானார். அக்கதைத்தலைவர் குட்டையானவர், பருமனானவர், நடுத்தர வயதினர். தம் கதையைத் தாமே சொல்லுபவர்.

1929க்கும் 1934க்கும் இடையில் ஐந்து புதினங்கள் வந்தன. 'ரெட் ஹார்வெஸ்ட்', 'தி டெய்ன் கர்ஸ்' ஆகிய இரண்டும் 1929இல். 'தி மால்டீஸ் ஃபால்கன்' 1930இல். 'தி கிளாஸ் கீ' 1931இல். 'தி தின் மேன்' 1934இல். இவற்றுள் மூன்றாவதே தலையாயது. மணிகள் பதித்த பொற்பறவை ஒன்றைத் தேடிப் பலர் கொல்லவும் பொய்யுரைக்கவும் துணிகின்றனர். கதை முழுதும் சாம் ஸ்பேடின் பின்னாலேயே வாசகர் செல்கின்றனர். ஆயினும் அவன் என்ன நினைக்கிறான் என்பதை ஆசிரியர் ஒருமுறையும் சொல்வதில்லை. அவன் புகையிலையைத் தாளில் சுருட்டும் விரல்களையும் மாறும் முகத்தையும் காட்டுகிறார். சொற்களைக் கேட்கச் செய்கிறார். தான் விரும்பியிருக்கக்கூடிய பெண்ணைக் காவலரிடம் அவன் ஒப்படைக்கும்போதும் அவ்வாறே. அவன் உண்மையில் அவளை விரும்பினானா என்பதை முடிவு செய்ய வேண்டியவர் வாசகர்.

தமிழ்ச் செய்யுளியல் கற்றோர்க்கு இது புதிதாகத் தோன்றாது. கூற்று, கேட்போர், களன், எச்சம் எனத் தொல்காப்பியர் எண்ணும் உறுப்புகள் இங்கும் பொருந்தி வரக் காணலாம். தலைவி தோழிக்குக் கூறுவதை மூன்றாமவராகிய நாம் கேட்கிறோம். கூறியது கொண்டு கூறாததை உணர்கிறோம். ஹாமெட்டின் உரைநடை எச்சத்தால் இயங்குவது. அவருடைய எழுத்து, அவர் எண்ணாமலேயே, செவிக்குரிய நாடகத்துக்கு ஆயத்தமாக அமைந்திருந்தது. உரையாடலும் ஓசைகளும் மட்டுமே உள்ள ஓரிடத்தில் மாந்தரின் உள்ளத்தை ஊகித்தறிதல் வானொலி கேட்பவரின் தொழில். அதுவே துப்பறிவாளரின் தொழிலும் ஆகும்.

புகழும் பணமும் ஒருசேர வந்தன. இரண்டையும் அவர் விரைந்து செலவிட்டார். திரைத்துறை அழைத்தது. 1930இல் லிலியன் ஹெல்மனைச் சந்தித்தார். முப்பது ஆண்டு நீடித்த, பிணக்கும் பிரிவும் மலிந்த உறவு அது. ஹெல்மனின் முதல் நாடகத்துக்குக் கருவைச் சுட்டியவரும், படிதோறும் இரக்கமின்றித் திருத்தியவரும் ஹாமெட்டே. அந்நாடகம் 1934இல் மேடையேறி வெற்றி கண்டது. அவ்வாண்டோடு அவருடைய புதின வாழ்வு முடிந்தது என்பது கருதத்தக்கது. குடி ஒரு காரணம், எளிதாக வந்த பணம் ஒரு காரணம், ஒரே வகைக் கதையை மீண்டும் எழுத விரும்பாத மனம் ஒரு காரணம் எனப் பலரும் பலவாறு கூறுவர். தம்மைத் தாமே நகலெடுப்பதினும் எழுதாமலிருப்பது மேலென்று ஓர் எழுத்தாளர் துணிந்திருக்கலாம். அதனையும் மதிக்கத்தான் வேண்டும்.

1942இல், நாற்பத்தெட்டு வயதில், பழுதுபட்ட நுரையீரலோடு மீண்டும் படையில் சேர்ந்தார், சாதாரணப் படைவீரராக. அலாஸ்காவை அடுத்த அலூசியத் தீவுகளுள் ஒன்றான அடாக்கில் படையினருக்கென ஒரு நாளிதழை நடத்தினார். பனியும் சூறைக்காற்றும் நிறைந்த அவ்விடத்தில் அவர் மகிழ்ச்சியாகவே இருந்ததாக உடனிருந்தோர் கூறியுள்ளனர். 1945இல் திரும்பியபோது வானொலி அவருக்காகக் காத்திருந்தது.

துப்பறியும் நாடகத்துக்கு அமெரிக்க வானொலி வலையமைப்பில் வழி திறந்தது 1930 அக்டோபரில் தொடங்கிய ஷெர்லக் ஹோம்ஸ் தொடராகும். மேடையில் பல்லாண்டு ஹோம்ஸாக நடித்த வில்லியம் ஜில்லெட் முதல் நாடகத்துக்குக் குரல் தந்தார். எழுதியவர் ஈடித் மெய்சர் என்னும் பெண்மணி. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் இவ்வகை நாடகங்கள் பெருகின. பெருகியதற்கு மலிவும் ஒரு காரணம். நான்கைந்து நடிகர், ஓர் இசைக்குழு, ஓசை எழுப்ப ஒருவர், இவ்வளவே வேண்டும். சரளை பரப்பிய தட்டு தெருவாகும். மரச்சட்டத்தில் பொருத்திய கதவு எந்த மாளிகையின் கதவும் ஆகும். கண்ணாடித்தாளைக் கசக்கினால் வீடு பற்றியெரியும். திரையில் இருட்டைக் காட்ட விளக்கு வேண்டும். வானொலியிலோ இருள் இயல்பாகவே உள்ளது. கேட்பவர் கொலையாளியோடு அதே அறையில், அதே இருளில் அமர்ந்திருக்கிறார். காலடி ஓசை நின்றால், யார் நின்றார் என்பதை அவரே அறிந்தாக வேண்டும்.

ஹாமெட்டின் பெயர் தாங்கிய தொடர்களில் முதலாவது, 1941இல் தொடங்கிய 'தி தின் மேன்'. ஒல்லி மனிதர் என்னும் அத்தலைப்பு புதினத்தில் துப்பறிவாளரைக் குறிப்பதன்று. காணாமற்போன ஒருவரைக் குறிப்பது. திரைப்படத் தொடரும் வானொலியும் அதனைத் துப்பறிவாளர்க்கே உரியதாக்கிவிட்டன. மக்களும் அவ்வாறே கொண்டனர். 1946 ஜனவரியில் அதன் மறுதலையாகப் பருத்த மனிதர் எனப் பொருள்படும் 'தி ஃபேட் மேன்' வந்தது. அத்தொடரில் ஹாமெட்டின் பங்கு பெயரளவினதே. ஆயினும் பழைய கதைகளின் பெயரற்ற பருமனான துப்பறிவாளரின் சாயலை அதில் காணலாம். தொடக்கமே நயமானது. மருந்துக்கடைக்குள் நுழைபவர் எடை பார்க்கும் கருவிமேல் ஏறுவார். எடை 237 பவுண்டு என்றும், அவருக்குரிய பலன் ஆபத்து என்றும் அறிவிக்கப்படும். காணமுடியாத ஓர் உடலைச் செவிக்கு உணர்த்த இதனினும் சுருங்கிய வழி இல்லை. குரல் தந்த ஸ்காட் ஸ்மார்ட்டும் உண்மையிலேயே பருத்தவர். அவர் அடிவயிற்றுக் குரலே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

'சாம் ஸ்பேடின் வீரச்செயல்கள்' எனத் தமிழிற் கூறத்தக்க தொடர் 1946 ஜூலையில் தொடங்கியது. இயக்கியவர் வில்லியம் ஸ்பியர். ஸ்பேடாக ஹோவர்ட் டஃப், அலுவலகப் பெண் எஃபியாக லுரீன் டட்டில் ஆகியோர் நடித்தனர். தலைமயிருக்குப் பூசும் நறுநெய் ஒன்றின் விளம்பரம் நாடகத்தினூடே வரும். ஒவ்வொரு நாடகமும் தொலைபேசி மணியோடு தொடங்கும். எஃபி எடுப்பாள், அறிக்கை சொல்ல வருவதாக ஸ்பேட் அறிவிப்பான், வந்தபின் நாள், பெறுநர், 137596 என்னும் தன் உரிம எண் ஆகியவற்றைச் சொல்லி வழக்கைக் கூறத் தொடங்குவான். பின்கர்டன் நிறுவனத்தில் இளம் ஹாமெட் எழுதிய அறிக்கையின் வடிவமே முப்பது ஆண்டு கழிந்து கேளிக்கையின் வடிவமாயிற்று. கேட்போர் என்னும் உறுப்பு நாடகத்துக்குள்ளேயே எஃபியாக அமர்ந்திருந்தமை இத்தொடரின் சிறப்பு. அவள் வியப்பதும் கவலைப்படுவதும் கடிந்துகொள்வதும் வீட்டில் அமர்ந்து கேட்பவருக்கும் உரியவாயின.

வானொலி ஸ்பேட் புதினத்து ஸ்பேட் அல்லன். டஃப் அவனைக் குறும்பனாக்கினார், அடிவாங்கினும் நகைப்பவனாக்கினார். புதினத்தின் குளிர்ந்த கசப்பு நாடகத்தில் இல்லை. இதனைக் குறையென்பார் உளர். வாரந்தோறும் வீட்டுக்கு வரும் விருந்தினர் கசப்பாளராக இருத்தல் அரிது என்பதையும் எண்ண வேண்டும். ஹாமெட் இவற்றைப் பெரிதாகக் கருதியதாகத் தெரியவில்லை. பெயருக்கு வந்த பணத்தைப் பெற்றுக்கொண்டார், நியூயார்க்கில் தொழிலாளர்க்கான கல்விக்கூடம் ஒன்றில் மர்மக்கதை எழுதும் கலையைக் கற்பித்தார், குடித்தார், பின்னர் நோயுற்றுக் குடியை விட்டார்.

இத்தொடரின் நாடகங்களுள் ஒன்று தமிழ் வாசகர்க்குத் தனிச்சுவை தரும். அதன் பெயர் 'தி கண்டி டூத்'. இலங்கையின் கண்டி மாநகரத்துத் தலதா மாளிகையில் போற்றப்படும் புத்தரின் புனிதப் பல்லைச் சுற்றியது அதன் கதை. பொற்பறவையைத் தேடி ஏமாந்த பழைய புதின மாந்தர் இதில் மீண்டும் தோன்றி வேறொரு கீழைநாட்டுச் செல்வத்தைத் தேடுகின்றனர். ஒரு மக்களின் வழிபாட்டுப் பொருளைக் களவுப் பொருளாக மட்டுமே காணும் பார்வை அக்காலத்தது. அதனைப் பாராட்ட இயலாது. ஆனால் இந்நாடகம் ஒரு பெரிய வழக்குக்கு வித்தாயிற்று. 'தி மால்டீஸ் ஃபால்கன்' புதினத்தின் திரை, வானொலி உரிமைகளை வாங்கியிருந்த வார்னர் நிறுவனம், அதன் மாந்தரும் தனக்கே உரியவர் என்று வழக்காடியது. எழுத்தாளர் ஒரு கதையை விற்றால் அதில் வரும் மனிதரையும் விற்றவராவாரா என்பதே வினா. மேல்முறையீட்டு நீதிமன்றம் 1954இல் ஆசிரியர் பக்கமே தீர்ப்பளித்தது. கதைமாந்தர் கதை சொல்லும் ஆட்டத்தின் காய்கள் போன்றோர். ஒரு கதையை விற்றமையால் அவர்களை வேறு கதைகளில் பயன்படுத்தும் உரிமையை ஆசிரியர் இழப்பதில்லை என்பது தீர்ப்பின் சாரம். எழுதுவோர் அனைவருக்கும் பயன்தரும் முடிவு இது. ஆனால் சாம் ஸ்பேட் ஹாமெட்டுக்கு உரியவன் என்று நீதிமன்றம் சொன்னபோது, வானொலியில் அவன் குரல் அடங்கி மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.

அது அடங்கிய வகை சொல்லத்தக்கது. 1950 ஜூனில் 'ரெட் சேனல்ஸ்' என்றொரு சிறுநூல் வெளிவந்தது. வானொலி, தொலைக்காட்சித் துறைகளில் இடதுசாரித் தொடர்புடையோர் எனக் கூறி 151 பேரின் பெயர்களை அகர வரிசையில் அடுக்கியது. அதில் ஹாமெட்டின் பெயரும் இருந்தது. ஹோவர்ட் டஃபின் பெயரும் இருந்தது. ஸ்பேடைப் படைத்தவரும் அவனுக்குக் குரல் தந்தவரும் ஒரே பட்டியலில் சேர்ந்தனர். குற்றச்சாட்டு இல்லை, விசாரணை இல்லை, தீர்ப்பு இல்லை. விளம்பரம் தருவோர் அஞ்சினர், அதுவே போதுமானதாயிற்று. அவ்வாண்டின் இலையுதிர்காலத்தில் தொடர் நின்றது. நேயர்கள் பெருமளவில் கடிதம் எழுதிக் கண்டித்தனர். நவம்பரில் தொடர் மீண்டது. ஆனால் டஃப் இல்லை. ஸ்டீவ் டன் என்னும் வேறொரு நடிகர் ஸ்பேடாகப் பேசினார். கேட்டுப் பழகிய செவிகள் அவரை ஏற்கவில்லை. கண்ணால் காணாத ஒருவனைக் குரலால் மட்டுமே அறிந்தோர்க்குக் குரல் மாறினால் ஆளே மாறினான் என்றுதான் பொருள். 1951 ஏப்ரலில் தொடர் முடிந்தது. 'தி தின் மேன்' முந்தைய ஆண்டே ஓய்ந்திருந்தது. 'தி ஃபேட் மேன்' 1951இலேயே நின்றது.

அவ்வாண்டு ஜூலையில் ஹாமெட் நீதிமன்றத்துக்கு அழைக்கப்பட்டார். குடியுரிமைப் பேரவை என்னும் அமைப்பு, சிறைப்பட்ட இடதுசாரிகளைப் பிணையில் எடுக்க ஒரு நிதியைத் திரட்டி வைத்திருந்தது. அந்நிதியின் பொறுப்பாளர்களுள் அவர் ஒருவர். தண்டனை பெற்றுப் பிணையில் இருந்த கம்யூனிஸ்டுத் தலைவர் பதினொருவருள் நால்வர் சரணடையாமல் தலைமறைவாயினர். அவர்களைத் தேடும் பொருட்டு, நிதிக்குப் பணம் தந்தோர் யார் யார் என்று நீதிபதி சில்வெஸ்டர் ரையன் முன் அவர் வினவப்பட்டார். எந்தப் பெயரையும் சொல்ல அவர் மறுத்தார். ஆவணத்திலிருந்த தம் கையெழுத்தின் முதலெழுத்துகளை அடையாளம் காட்டவும் மறுத்தார். நீதிமன்ற அவமதிப்புக்காக ஆறு திங்கள் சிறை விதிக்கப்பட்டது. உடன் பொறுப்பாளர்களான ஃபிரெடரிக் ஃபீல்டும் ஆல்ஃபியஸ் ஹன்டனும் அவ்வாறே சிறை சென்றனர்.

அவருக்கு அப்பெயர்கள் தெரிந்தே இரா என்று ஹெல்மன் பின்னாளில் எழுதினார். ஹெல்மனின் நினைவுக் குறிப்புகளைச் சொல்லுக்குச் சொல் நம்புதல் கூடாதென்பது ஆய்வாளர் பலர் கண்ட முடிவு. எனினும் இச்செய்தி உண்மையாயின், தெரியாது என்ற ஒரு சொல்லால் தப்பியிருக்கக் கூடியவர் அச்சொல்லையும் சொல்லாது சிறை புகுந்தார் என்றாகிறது. துப்பறிவாளராக வாழ்வைத் தொடங்கியவர், பிறரைப் பற்றிய அறிக்கை எழுதி ஊதியம் பெற்றவர், ஐம்பத்தேழாம் வயதில் பிறரைப் பற்றி அறிக்கை தர மறுத்தார். அவருடைய அரசியலை ஏற்காதோர் அன்றும் இருந்தனர், இன்றும் உளர். சோவியத்து ஆட்சியின் கொடுமைகளைக் கண்டு அவர் வாய்திறவாதிருந்தார் என்ற குறையும் நியாயமானதே. அந்த மௌனமும் இந்த மௌனமும் ஒருவரிடமே இருந்தன.

கென்டக்கி மாநிலத்து ஆஷ்லண்டு சிறையில் கழிப்பறைகளைத் தூய்மை செய்யும் பணி அவருக்குத் தரப்பட்டது. ஐந்து திங்கள் கழித்து 1951 டிசம்பரில் விடுதலையானபோது நோயாளியாக வெளிவந்தார். ஒரு லட்சம் டாலருக்கும் மேற்பட்ட வரிப்பாக்கிக்காக அரசு அவருடைய வருவாயைப் பிடித்துக்கொண்டது. பெயருக்கு வந்த வானொலிப் பணம் முன்னரே வற்றிவிட்டது. 1953 மார்ச்சில் செனட்டர் மெக்கார்த்தியின் குழு அவரை அழைத்தது. வெளிநாடுகளிலிருந்த அமெரிக்க அரசு நூலகங்களில் அவருடைய நூல்கள் இருப்பது சரியா என்று ஆராய்ந்தது. நியூயார்க்குக்கு வடக்கே கட்டோனா என்னும் ஊரில் நண்பர் ஒருவரின் சிறு வீட்டில் தனித்து வாழ்ந்தார். 'ட்யூலிப்' என்றொரு புதினத்தைத் தொடங்கி இடையில் விட்டார். 1961 ஜனவரி 10ஆம் நாள் நியூயார்க்கு மருத்துவமனை ஒன்றில் நுரையீரற் புற்றுநோயால் மறைந்தார். இரு போர்களிலும் பணிபுரிந்த படைவீரர் என்ற உரிமையால் ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் அடக்கம் செய்யப்பெற்றார்.

அமெரிக்க வானொலி வலையமைப்பின் பழைய துப்பறியும் தொடர்களில் கடைசியானது 1962 செப்டம்பர் 30ஆம் நாள் நின்றது. நாடகங்கள் பதினாறு அங்குல அகல இசைத்தட்டுகளில் பதிவு செய்யப்பட்டிருந்தன. ஒரு பக்கத்துக்குக் கால் மணி நேரம் கொள்ளும். அரைமணி நாடகத்துக்கு இரு பக்கங்கள் வேண்டும். நிலையங்கள் அவற்றைப் பேணவில்லை. பல உடைந்தன, பல குப்பைக்குப் போயின. எஞ்சியவற்றை ஆர்வலர்கள் தேடியெடுத்து நாடாக்களில் படியெடுத்தனர். சாம் ஸ்பேட் நாடகங்களில் ஒரு பகுதியே இவ்வாறு பிழைத்தது. கண்டிப் பல்லின் கதை, 1948 ஜனவரியில் 'சஸ்பென்ஸ்' என்னும் மற்றொரு தொடரில் ஒரு மணி நேர நாடகமாக மீண்டும் ஒலித்த வடிவில் இன்றும் கேட்கக் கிடைக்கிறது. ஸ்பேடின் குரல் அதில் டஃபினுடையதே.